இரண்டாவது சப் மாட்டியதும் காணாமல் போன பேஸ்

ஒரு சப்வூஃபர் (சுருக்கமாக சப், தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) இருந்தவரை என் வண்டியில் பேஸ், அதாவது பாட்டின் அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி, நன்றாகவே இருந்தது. இரண்டாவதை மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே அது காணாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர நாலரை மாதம் ஆனது. இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வீணாகப் போனது. கோளாறு என்னவென்று தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருபது நிமிடமும் போதுமாக இருந்தது. அந்த நாலரை மாதத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குத் தாம்பரத்தில் வீடு, ஒரகடம் பக்கம் வேலை. போக வர தினமும் இரண்டரை மணி நேரம் வண்டியில்தான் கழிகிறது. அந்த நேரத்தில் பாட்டு எனக்குச் சோறு தண்ணீர் மாதிரி. அதிலும் எண்பதுகளின் பாடல்களில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ் கிட்டாரை முழுசாகக் கேட்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாட்களிலிருந்து இருக்கும் ஆசை. பேஸ் கிட்டாரின் மிகக் கீழான கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. வண்டியோடு வரும் ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கரால் அந்த அளவுக்குக் கீழே இறங்க முடியாது. அதனால் டிசையர் வாங்கிய அடுத்த வருடமே, 2023 ஜூலையில், போனஸ் பணத்தில் ஒரு 12 அங்குல சப்வூஃபர் மாட்டினேன். சப் 6,500, அதை ஓட்டும் மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 11,000, பெட்டி 3,000, வயரிங் கிட் 2,200, கூலி 1,500. மொத்தம் 24,200 ரூபாய். அன்று இரவு ஜிஎஸ்டி சாலையில் வீட்டுக்கு வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களில் அந்தக் கம்பியின் நடுக்கம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வருடம் ஆகஸ்ட்டில், ஒன்றே இப்படி என்றால் இரண்டு எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. அதே மாடலில் இன்னொரு சப், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி ஒரே அறையுள்ள புதுப் பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 13,000. சென்னையில் கார் ஆடியோ என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நான் அலைச்சலுக்குப் பயந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் வேலையைக் கொடுத்தேன். மாலை ஏழு மணிக்கு வண்டி கைக்கு வந்தது. கடை வாசலில் ஒரே இரைச்சல், அங்கே ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. மேம்பாலம் ஏறி வால்யூமைக் கூட்டினேன். குரல் கேட்டது, வயலின் கேட்டது, அடியில் ஒன்றுமே இல்லை. டிக்கியில் மட்டும் ஏதோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சப்களின் கோன்களும், அதாவது காற்றைத் தள்ளும் கூம்புகளும், நன்றாக ஆடிக்கொண்டுதான் இருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது. ஆடாமல் இருந்திருந்தால் எங்கேயோ வயர் விட்டுப்போய்விட்டது என்று அப்போதே புரிந்திருக்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெளியே இருக்கிற வயரையெல்லாம் பார்த்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, எல்லாம் சரி. "சார், ரெண்டு சப்புக்கு இந்த ஆம்ப் பத்தாது. இது இப்போ நாலு ஓம்ல ஓடுது, முன்னூறு வாட்தான் தரும்" என்றார். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னது பாதி உண்மை. ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறைந்தால் ஆம்ப் அதிக வாட் தரும். என் சப் ஒவ்வொன்றிலும் கோனை ஆட்டும் கம்பிச் சுருள்கள், அதாவது வாய்ஸ் காயில்கள், இரண்டு. ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டு காயில்களையும் இணையாக, அதாவது பாரலலாக, இணைத்தால் 2 ஓம். தொடராக, சீரிஸில், இணைத்தால் 8 ஓம். ஒரு சப் இருந்தபோது 2 ஓமில் ஓடியது, அப்போது என் ஆம்ப் 500 வாட் தரும். இரண்டு சப் வந்ததும் எல்லாவற்றையும் பாரலலாக இணைத்தால் 1 ஓம் ஆகிவிடும், அந்த ஆம்ப் அதைத் தாங்காது. அதனால் ஒவ்வொரு சப்பையும் 8 ஓமாக்கி, இரண்டையும் பாரலலாக்கி, 4 ஓமில் ஓட்டியிருந்தார்கள். அதில் ஆம்ப் தருவது 300 வாட். இதுவரை அவர் சொன்னது சரி.

அவர் சொல்லாத மீதிப் பாதி இது. என் சப் தொடர்ந்து தாங்குவதே 300 வாட்தான் (ஆர்எம்எஸ் என்பார்கள்). ஒரு சப் இருந்தபோதும் கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதற்கான திருகு) குறைத்து அந்த 300ஐத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதே 300 வாட்டை இரண்டு சப்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் காற்றைத் தள்ளும் கோனின் பரப்பு இரண்டு மடங்காகிறது, அதனால் சத்தம் சுமார் 3 டெசிபல் கூடத்தான் வேண்டும். ஆம்ப் போதாமல் இருந்தால் எதிர்பார்த்த அளவு கூடாமல் போகலாம், ஒன்று இருந்தபோது கேட்டதைவிடக் குறைய வழியே இல்லை. பேஸ் குறைந்தது என்றால் ஏதோ ஒன்று இன்னொன்றுக்கு எதிராக வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கு அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இதற்கு மேல் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

எனக்குத் தெரியவில்லை. பழைய ஆம்பை 5,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்ச் கொடுத்து, 1 ஓமில் ஆயிரம் வாட் தரும் பெரிய ஆம்பை 19,500க்கு வாங்கினேன். கையிலிருந்து 14,500 போனது. இப்போது நான்கு காயில்களும் பாரலல். டிக்கியில் முனகல் பெரிதானது, நம்பர் பிளேட் கடகடவென்று அடித்தது, உள்ளே பேஸ் வரவில்லை. கூடவே பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. "கரண்ட் பத்தலை சார்" என்று மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைத்துச் சட்டென்று தரும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் மாட்டினார்கள், 2,800. அப்புறம் பெரிய பேட்டரி, 5,400. ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் போவேன்.

கெப்பாசிட்டர் வாங்க நினைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது அது தரும் ஆற்றல் மொத்தமே 26 ஜூல். ஆயிரம் வாட் இழுக்கும் ஆம்பில் அது ஒரு விநாடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு நேரத்திலேயே காணாமல் போய்விடும். பெரிய பேட்டரியும் இன்ஜின் ஓடாமல் நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்பவருக்குத்தான் உதவும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது ஆல்டர்னேட்டர். அங்கிருந்து வரும் கரண்ட் ஆம்ப் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் எதுவும் மாறாது.

பேட்டரி மாற்றிய அன்று இரவு வீட்டில் பேச்சு வளர்ந்தது. பணத்தைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னங்க, ஒண்ணு இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? பேசாம ஒண்ணைக் கழட்டிவிட்டுப் பாருங்களேன்" என்றாள். ஆயிரம் வாட் ஆம்பை வாங்கிவிட்டு ஒரு சப்பைக் கழற்றுவதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பேஸ் பிரச்சினைக்குச் செய்ய வேண்டிய முதல் சோதனையே அதுதான், அதுவும் காசில்லாத சோதனை. அவள் அதைச் சொன்ன பிறகும் ஆறு வாரம் நான் அதைச் செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த ஆறு வாரம்தான் மனதை உறுத்துகிறது.

டிசம்பர் மாதம். வண்டலூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினேன், டிக்கியில் ஏதோ தட்டிய சத்தம். அடுத்த விநாடி பேஸ் வந்துவிட்டது. வந்தது என்றால், சீட்டின் முதுகு அதிர, மூச்சுக்குழலில் தட்டுகிற மாதிரி, 2023 ஜூலையில் கேட்ட அதே பேஸ். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் வண்டியை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தாமல் இறங்கி டிக்கியைத் திறந்தேன். வலது பக்க சப்புக்குப் போகும் சிவப்பு வயர் டெர்மினலை விட்டு நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. இடது சப் மட்டும் ஓடுகிறது. வயரை மறுபடி சொருகினேன், பேஸ் போனது. உருவினேன், வந்தது. சொருகினேன், போனது. லாரிகள் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தன. நான் அங்கேயே பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன்.

(தொங்குகிற வயரின் நுனி இன்னொரு வயரிலோ வண்டியின் இரும்பிலோ பட்டால் ஆம்ப் எரிந்துபோகலாம். இதைச் சோதிக்க விரும்புகிறவர்கள் ஆம்பை நிறுத்திவிட்டுக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டு அப்புறம் ஓட்டிப் பாருங்கள்.)

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், மல்டிமீட்டரை எடுத்தேன். 450 ரூபாய்க்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்திருந்தது. அதன் பின்மூடியைத் திறந்து உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியை உருவினேன். ஆம்பிலிருந்து வரும் வயர்கள் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு துண்டு வயரால் அந்தப் பேட்டரியை இடது சப்பின் டெர்மினலில் ஒரு விநாடி தொட்டேன். பாசிட்டிவ் சிவப்பில், நெகட்டிவ் கறுப்பில். "டப்" என்று கோன் வெளியே வந்தது. அதுதான் சரி. வலது பக்கத்துக்குப் போய் அதே மாதிரி தொட்டேன். கோன் உள்ளே போனது. விரல் நுனியை கோனின் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். விரலுக்கு அடியிலிருந்து அது விலகி உள்ளே இறங்குவது தெளிவாகத் தெரிந்தது.

ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கிறது. ஒரே அறையுள்ள பெட்டி என்பதால் முன்னால் தள்ளிய காற்றைப் பக்கத்திலிருப்பது விழுங்கிவிடுகிறது, பெட்டிக்குள்ளேயும் அழுத்தம் இங்கிருந்து அங்கே போய் வருகிறதே தவிர வெளியே எதுவும் வருவதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளியிருக்கும் இரண்டு கோன்களும் ஒரே இடம்தான். ஒன்றையொன்று அழித்துவிடும். கோன் இரண்டும் ஆடுவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நான் நம்பியது அதனால்தான். பெரிய ஆம்ப் மாட்டினால் இரண்டும் இன்னும் பலமாக எதிரும் புதிருமாக ஆடும், அவ்வளவுதான்.

வலது சப்பின் எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே தூக்கினேன். வெளியே டெர்மினலில் சிவப்புக்குச் சிவப்பு ஒழுங்காக இருந்தது. பெட்டிக்கு உள்ளே, டெர்மினல் பதித்திருக்கும் கப்பிலிருந்து சப்புக்குப் போகும் ஒரு சாண் வயரில், சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. பெட்டியைச் செய்தவர் ஒரு நொடி கவனம் தப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்த எல்லாரும், நானும் சேர்த்து, வெளியே தெரிகிற நிறத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். மாற்றிப் பூட்டி, ஆம்பை இணைத்து, இரவு பதினொரு மணிக்குத் தெருவை எழுப்பக் கூடாதே என்று வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்து ஓடவிட்டேன். அந்தப் பாதியிலேயே கண்ணாடி நடுங்கியது. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

இந்த பேட்டரி சோதனையில் நான் பட்டறிந்த இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரே அறையுள்ள மூடிய பெட்டியில் ஒரு கோன் வெளியே வந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து பக்கத்துக் கோன் தானாகக் கொஞ்சம் உள்ளே போகும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், நீங்கள் பேட்டரியைத் தொடுகிற சப்பை மட்டும் கவனியுங்கள். இரண்டு காயில் உள்ள சப்பில், ஒரு காயில் மட்டும் தலைகீழாக இருந்தால் கோன் அசையவே அசையாது, இரண்டு காயில்களும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும். அப்படியானால் ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாகப் பிரித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையோடு மல்டிமீட்டரில் ஓமையும் பாருங்கள். 4 ஓம் காயில் நல்ல நிலையில் மூன்று சொச்சம் காட்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் வரும் எண்ணை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் எரிந்துவிட்டது.

இன்னொன்று. ஆம்பிலும் ஸ்டீரியோவிலும் ஃபேஸ் என்று 0, 180 சுவிட்ச் இருக்கும். அந்த நாலரை மாதத்தில் அதை நான் எத்தனையோ தடவை மாற்றிப் பார்த்தேன், பயனே இல்லை. அது இரண்டு சப்களையும் சேர்த்தே திருப்பும், ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதைச் சரிசெய்யாது. அதன் வேலை சப்பைக் கதவு ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைப்பது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு நிலையிலும் ஒரே பாட்டைக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, பேஸ் வந்துவிட்டது. ஆனால் ஹெட்லைட் மங்குவது நிற்கவில்லை. நாற்பது நிமிடம் ஓடினால் ஆம்பில் புரொடெக்ட் விளக்கு (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது என்று காட்டுவது) எரிந்து சத்தம் நின்றுபோனது. இந்தத் தடவை கடைக்குப் போகவில்லை, அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பேஸ் அடிக்கும்போது ஆம்பின் முனையில் 11.6. நடுவில் 2.3 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து டிக்கி வரை ஒரு நீள வயரை இழுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் (நெகட்டிவ்) முனையிலும் வைத்துப் பாட்டைப் போட்டேன். 0.9 வோல்ட் காட்டியது. அங்கே 0.1, 0.2க்கு மேல் போகக் கூடாது. மீதி 1.4 வோல்ட் பாசிட்டிவ் வயரில் போகிறது.

எர்த் போல்ட்டைக் கழற்றினேன். கீழே வண்டியின் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. பெயின்ட் மேலேயே வயர் நுனியின் உலோக வளையத்தை (லக்) வைத்து இறுக்கியிருக்கிறார்கள், போல்ட்டின் மரை வழியாகத்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் வெள்ளி நிற இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஒன்றரை அடிக்கும் குறைவான தடித்த வயரைப் போட்டு, துருப்பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினேன். 0.9 வோல்ட் 0.1 ஆனது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த்தை மாட்டவே மாட்டாதீர்கள், விபத்தில் உயிரைப் பிடித்துவைக்க வேண்டிய போல்ட் அது.

பாசிட்டிவ் வயருக்கு வந்தேன். கிட்டில் வந்தது, மேலுறையில் 4 கேஜ் (வயரின் தடிமனைக் குறிக்கும் எண்) என்று அச்சடித்திருந்தது. நுனியை வெட்டி ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பைப் போலச் சுமார் அறுபது சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும், போதாததற்கு இதில் ரப்பர் உறைதான் தடிமன், உள்ளே உலோகம் பென்சில் பருமன்கூட இல்லை. முழுச் செம்பில் 4 கேஜ் என்றால் வெட்டுப்பரப்பு 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் வயர் வாங்கும்போது கேஜைக் கேட்காதீர்கள், சதுர மில்லிமீட்டரைக் கேளுங்கள், கையில் தூக்கி எடையைப் பாருங்கள், ஒரு இழையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். முழுச் செம்பு வயர் ஆறு மீட்டர் எனக்கு 2,900 ரூபாய் ஆனது. மாட்டிய பிறகு ஆம்பில் 13.3 வோல்ட். விளக்கு மங்குவது நின்றது, புரொடெக்டும் வரவில்லை. பெரிய பேட்டரிக்கும் கெப்பாசிட்டருக்கும் கொடுத்த 8,200 இந்த இரண்டு இடத்தில் போயிருக்க வேண்டிய பணம்.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனபோது வயிற்றைக் கலக்கியது ஒன்று உண்டு. ஃபியூஸ் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வயர், பாதுகாப்பே இல்லாமல், இன்ஜின் சுவரின் தகர ஓட்டை வழியாக ரப்பர் வளையம் கூட இல்லாமல் உரசிக்கொண்டு வந்திருக்கிறது. உறை தேய்ந்து தகரத்தில் பட்டிருந்தால் வண்டியே தீப்பிடித்திருக்கும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இதற்கும் பேஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் ஆம்ப் மாட்டியிருப்பவர் யாராக இருந்தாலும் இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

அப்புறம் கெயின். புது ஆம்பில் அதை வால்யூம் மாதிரி நினைத்து முழுசாகத் திருப்பி வைத்திருந்தோம், பேஸ் பூஸ்ட்டும் உச்சத்தில். பூஸ்ட்டில் 12 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் பதினாறு மடங்கு வாட் கேட்கும், அதை எந்த ஆம்பும் தராது. கிழிந்த சத்தம்தான் வரும், காயில் சூடேறும். பூஸ்ட்டைப் பூஜ்ஜியமாக்கி, ஈக்வலைசரைச் சமமாக்கி, சப்களைக் கழற்றிவிட்டு, பென் டிரைவில் ஒரு 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் வைத்து, ஆம்பின் வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் வோல்ட். எனக்கு இரண்டு சப்புக்கும் சேர்த்து 600 வாட், 1 ஓம், ஆக 24.5 வோல்ட். கெயின் கால் பங்கு திருப்பியதுமே அது வந்துவிட்டது. ஃபில்டரில் சப்புக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கதவு ஸ்பீக்கருக்கு 80க்கு மேலே என்று பிரித்தேன். சப்சோனிக் என்று இன்னொரு திருகு இருக்கும், அது வைத்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடும், அதை 25 பக்கம் விடுங்கள். யாரோ அதை 50ல் வைத்திருந்தார்கள், பேஸ் கிட்டாரின் 41 அதிலேயே அடிபட்டுப் போயிருந்தது.

டிசையர் மாதிரி பின் சீட் மடங்காத செடானில் பேஸ் டிக்கிக்குள்ளேயே அடைபட்டுக்கொள்ளும், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கி தனியாக இல்லாத ஹேட்ச்பேக்கில் கேட்டதை நினைத்து ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. பெட்டியைச் சீட்டைப் பார்த்து, மேலே பார்த்து, டிக்கிக் கதவைப் பார்த்து என்று மூன்று விதமாகத் திருப்பிவைத்துக் கேட்டேன். என் வண்டியில் டிக்கிக் கதவைப் பார்த்து வைத்தபோதுதான் உள்ளே அதிகம் வந்தது. வலது சப்பைத் திரும்பப் பூட்டிய பிறகு காற்று கசிகிறதா என்று ஊதுபத்தி ஏற்றிப் பெட்டியின் மூட்டுகள் ஓரமாகக் காட்டினேன். ஒரு மூலையில் புகை பாட்டுக்கு ஏற்றபடி விட்டுவிட்டு விலகியது. அங்கே சிலிகான் அடைத்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டிய ஃபோம் டேப் நாற்பது ரூபாய்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போட இல்லை. இரண்டு சப்பும் சேர்ந்து வேலை செய்தால் பழைய ஆம்பின் 300 வாட்டே எனக்குத் தாராளம் என்று இப்போது தெரியும். பெரியதைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நான் கொடுத்த மறு வாரமே அதை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.